கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு சரித்திரம் உண்டு

கணியம்பாடிப் பக்கம் மல்லிகை, கனகாம்பரம் போட நினைக்கிறவர்கள், வேலூர் மார்க்கெட்டில் பூ என்ன விலை என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு? நமக்கு வடக்கே பாலாற்றுக் கரையில் நடந்த கதையைக் கேட்டால் காரணம் விளங்கும்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் ஆலைக்கு வரும். ஊற வைத்து அலசினால் அந்த உப்பெல்லாம் கழிவோடு வெளியேறும். முன்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதும் குரோம் முறை பெருகியது. உப்போடு ரசாயனமும் சேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் அந்தக் கழிவு ஓடையிலும் ஆற்றிலும் போய்க் கிணறுகளில் இறங்கியது.

சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. 1991-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. 2001-ல் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு கணக்கிட்டார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம் சொச்சம். ஒரு கிணறு வெட்டக் காணுமா? அதுவும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. பாக்கியை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ல் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே தோட்டம் போடுமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். சர்வே நம்பர், தேதி எழுதி ஒட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சீட்டில் ஈ.சி. என்ற எண்ணைப் பாருங்கள். 0.7-க்குள் இருந்தால் பயமில்லை. 3-க்கு மேல் போனால் பூச்செடி வேண்டாம். இலை நுனி கருகும், மொக்கு சிறுக்கும். சப்போட்டா, இலந்தை, தென்னை உப்பை ஓரளவு தாங்கும். இடைப்பட்ட எண் வந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேளுங்கள்.

மல்லிகை பல வருஷம் நிற்கிற செடி. வருஷா வருஷம் பரிசோதித்து, சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளைக்குத் தண்ணீர் கெட்டால், முன்பு நன்றாயிருந்தது என்று சாட்சி சொல்ல அந்தச் சீட்டு இருக்கும்.