சாரதா மகளிர் சங்கக் கட்டடங்கள்

சாரதா மகளிர் சங்கம் என்பது சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) 1912 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய மகளிர் அறப்பணி அமைப்பாகும். இளம் விதவைகளின் கல்விக்காக அவர் நடத்திய இல்லத்துடன் தொடர்புடைய கட்டடங்களுள் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் அவுஸ் புகழ்பெற்றது. இக்கட்டடம் தற்போது விவேகானந்தர் இல்லம் என அழைக்கப்படுகிறது.

பின்னணி

சுப்புலட்சுமி சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, விரைவில் கணவரை இழந்தவர். பெற்றோரின் ஆதரவால் கல்வியைத் தொடர்ந்து, 1911 இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பிராமணக் குடும்பங்களில் விதவைகளின் தலை மழிக்கப்பட்டது. அவர்கள் எதிர்ப்படுவது தீய சகுனமாகக் கருதப்பட்டது. இத்தகைய சிறுமியரை ஆசிரியைகளாக்கும் நோக்குடன் எழும்பூரில் ஒரு வீட்டில் சிலரைச் சேர்த்து இல்லத்தைத் தொடங்கினார். கல்வித் துறை அதிகாரி கிறிஸ்டினா லிஞ்ச் அரசின் உதவியைப் பெற்றுத் தந்தார்.

ஐஸ் அவுஸ்

அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842 இல் இக்கிடங்கைக் கட்டினார். இயந்திரங்கள் மூலம் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அவ்வணிகம் நலிந்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் இதனை வாங்கி வசிப்பிடமாக மாற்றினார். 1897 பெப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கு தங்கினார். 1917 இல் அரசு இதனை வாங்கியது.

இல்லத்தில் சேரும் சிறுமியரின் எண்ணிக்கை பெருகியபோது சிறிய வீடுகள் போதவில்லை. எனவே 1910களின் இடைப்பகுதியில் இல்லம் இங்கு இடம்பெயர்ந்தது. பனிக்கட்டிக்காக எழுப்பிய வட்ட வடிவக் கட்டடம் இவ்வாறு மாணவியரின் இருப்பிடமாயிற்று. இதன் அருகில் 1922 இல் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு சுப்புலட்சுமி முதல் முதல்வரானார். பிற்காலத்தில் ஐஸ் அவுஸ், ஆசிரியப் பயிற்சி மாணவியரின் விடுதியாகவும் பயன்பட்டது.

சாரதா வித்யாலயா

பெண் கல்விக்கென 1920களில் உருவான சாரதா வித்யாலயா பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பிற்கு மாறியது. இப்பள்ளி தியாகராய நகரில் இயங்கி வருகிறது.

மதிப்பீடு

இவ்விதவை இல்லம் பிராமணச் சிறுமியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இது அதன் முக்கியக் குறைபாடாகும். எச்சாதிப் பெண்களுக்கும் இடமளிக்கும் அவ்வை இல்லத்தை முத்துலட்சுமி ரெட்டி 1930 இல் தொடங்கினார். எனினும் வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட சிறுமியர் படித்துத் தம் ஊதியத்தில் வாழ இயலும் என்பதை சுப்புலட்சுமியின் இல்லம் நடைமுறையில் காட்டியது.

இன்றைய நிலை

விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி 1963 இல் கட்டடத்தின் பெயர் மாற்றப்பட்டது. 1997 இல் இது இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டது. இங்கு விவேகானந்தரைப் பற்றிய கண்காட்சி உள்ளது. டியூடர் இந்தியாவில் கட்டிய கிடங்குகளுள் எஞ்சியிருப்பது இது ஒன்றே. சுற்றுப்புறம் இன்றும் ஐஸ் அவுஸ் என்றே வழங்கப்படுகிறது. பனிக்கட்டியின் நினைவும் துறவியின் நினைவும் கட்டடத்தின் பெயர்களில் நிலைத்துள்ளன. அங்கு பயின்ற இளம் விதவையரின் நினைவு எப்பெயரிலும் இடம்பெறவில்லை.