யவனர் மரக்கலத்து மது: விலைப்பொருளா, வழியுணவா?

கடற்செலவு மேற்கொள்வோர் தமக்கு வேண்டும் மதுவைத் தாமே கலத்தில் ஏற்றிச் செல்லலாமா, ஏற்றின் எவ்வளவு ஏற்றலாம் என்னும் வினா இக்காலத்து உல்லாசக் கப்பற் பயணிகட்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர், எகிப்து நாட்டுச் செங்கடற் கரையினின்று இந்தியத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்ட யவனர் கலங்களிலும் அவ்வினா எழுந்தது. துறைமுகத்துச் சுங்கவாயிலில் மதுச்சாடிகளை நிறுத்தி, சீட்டுக் கண்ட பின்னரே உள்ளே செல்ல விடுத்தனர். அச்சீட்டுகளிற் பல மண்ணுக்குள் அழியாது கிடந்து நம் காலத்தில் வெளிப்பட்டுள்ளன.

யவனர் தமிழகத்திற்குப் பொன்னும் மதுவும் கொணர்ந்து மிளகு கொண்டு சென்றனர் என நம் வரலாற்று நூல்கள் ஒரே தொடரிற் கூறிச் செல்லும். பொன் வந்ததில் ஐயமில்லை; மது வந்ததிலும் ஐயமில்லை. ஆயின், வந்த மது முழுவதும் விற்பதற்காகவே வந்ததா? கலத்தில் வந்தோர் தாம் பருகுதற்குக் கொணர்ந்தது எத்துணை? இதனை முன்னை ஆராய்ச்சியாளர் தனியே எடுத்து ஆராய்ந்தது குறைவு. சங்கப் பாடலொன்றின் பொருளும், அகழாய்வில் கிடைக்கும் சாடி ஓடுகளுக்கு நாம் தரும் மதிப்பும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தனவாதலின், கிடைத்துள்ள சான்றுகளை ஈண்டு ஒருங்கு வைத்து ஆராய்வோம்.

1. இலக்கியச் சான்று

யவனர் மதுவை வெளிப்படையாகக் கூறும் சங்கப் பாடல் புறநானூற்றின் 56ஆம் பாடலாகும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைத் தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து, யவனர் தந்த மணங்கமழ் தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாளும் ஊட்ட மகிழ்ந்து வாழ்க என வாழ்த்துகின்றார்.

இப்பாடலில் யவனரோடு சார்ந்து நிற்கும் சொல் 'நன்கலம்' என்பது. கலம் என்னும் சொல் மரக்கலத்தையும் குறிக்கும், உண்ணவும் பருகவும் பயன்படும் ஏனத்தையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். 1894ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றோடு சேர்த்து வெளியிட்ட பழைய உரை, ஈண்டுக் கலம் என்பதற்குக் குப்பி எனப் பொருள் கொண்டு, மது நல்ல குப்பியிற் கொண்டுவரப்பட்டது என விளக்குகின்றது. பிற்காலத்தார் சிலர் மரக்கலம் எனவும் கொண்டனர்.

இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது அகநானூற்றின் 149ஆம் பாடல். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அதனுள்ளும் யவனர், தந்த, நன்கலம் என்னும் மூன்று சொற்களும் அணுகி நிற்கின்றன. ஆண்டு அக்கலம் பேரியாற்று வெண்ணுரை கலங்க முசிறிக்கு வருவது. பொன்னோடு வந்து மிளகோடு மீள்வது. எனவே மரக்கலம் என்பதன்றி வேறு பொருள் கொள்ள இடமில்லை. ஒரே சொல் ஓரிடத்து மரக்கலமாகவும் மற்றோரிடத்துக் குப்பியாகவும் நிற்றல் கூடுமா என்பது ஆராய்தற்குரியது. முசிறித் துறையின் வாணிகத்தைக் கூறும் அகப்பாடல், வந்த பொருளாகப் பொன்னைக் கூறுகின்றதேயன்றி மதுவைக் கூறவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

தமிழர்க்கு மது புதிதன்று. கள், நறவு, தோப்பி, தேறல், மட்டு எனப் பல பெயர்கள் சங்க நூல்களிற் பயில்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் மட்டினை நீக்கி மதுவை விரும்பினர் என்கின்றார். இதனைக் கொண்டு அம்மது யவனர் மதுவே எனத் துணிதல் இயலாது. நூலாசிரியர் அங்ஙனம் கூறவில்லை. நாட்டு மதுவில் வளம் மிக்க நாட்டில் கடல் கடந்து வந்த மது அனைவரும் நாளும் வாங்கும் பண்டமாக இருந்திருத்தல் அரிது என்ற அளவே நாம் கொள்ளத் தகும்.

2. பெரிப்ளூஸ் கூறுவது

கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற செங்கடற் பெரிப்ளூஸ், வணிகன் ஒருவன் வணிகர்க்கு எழுதிய கையேடு. ஆசிரியர் பெயர் தெரிந்திலது. எத்துறையில் எப்பொருள் விலைபோகும் என்பதனை அவர் துறைதோறும் எடுத்துரைக்கின்றார். மதுவைப் பற்றி அவர் கூறும் செய்திகளைத் தொகுத்து நோக்கின், மூவகைப் பயன் புலனாகின்றது.

முதலாவது, விற்பனை. நருமதையாற்று முகத்துப் பரூகச்சத்தில் இத்தாலிய மது முதன்மையாகவும், இலாவோதிக்கேய மதுவும் அரபு நாட்டு மதுவும் அதனை அடுத்தும் இறக்கப்பட்டன. இரண்டாவது, அரசர்க்குரிய காணிக்கை. அதே துறையில் அரசனுக்கென விலையுயர்ந்த வெள்ளிக் கலங்கள், இசை வல்லார், உயர்ந்த ஆடை முதலியவற்றோடு சிறந்த மதுவும் கொணரப்பட்டது. மூன்றாவது, நட்புப் பொருள். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் சில இடங்கட்கு மதுவும் கோதுமையும் மிகுதியாகச் செல்லும் எனவும், அவை ஊதியத்திற்காக அன்றி அந்நாட்டாரின் நல்லெண்ணத்தைப் பெறுதற்காகச் செலவிடப்படுவன எனவும் அவ்வாசிரியர் தெளிவாகக் கூறுகின்றார்.

இனி, முசிறி, நெல்கிந்தா ஆகிய தமிழகத் துறைகளைப் பற்றிய பகுதியைக் காண்போம். நாணயம் பெருமளவில் வேண்டும் என்பது அப்பட்டியலின் தலைப்பு. மதுவோ மிகுதியன்று, பரூகச்சத்துக்குச் செல்லும் அளவே என்கின்றார். அதனை அடுத்துக் கோதுமையைக் குறித்து அவர் கூறுவதே நமக்குச் சிறந்த ஒளி தருவது. கலத்தோடு தொடர்புடையார்க்குப் போதுமான அளவு கோதுமை கொண்டு செல்லப்படும். ஏனெனில், அங்குள்ள வணிகர் அதனைக் கையாள்வதில்லை. அரிசியுண்ணும் நாட்டில் கோதுமையுண்போர், தம் உணவைத் தாமே கொணர்ந்தனர் என்பது இதனாற் போதரும். கலத்துள் உணவும் விலைப்பொருளும் அருகருகே கிடந்தன. ஆசிரியரே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றார். ஆயின், மதுவை அவர் கோதுமையைப் போல வழியுணவு எனக் கூறவில்லை என்பதனையும் மறைத்தல் கூடாது. சிறிதளவேனும் அது விற்கப்பட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

3. பெரனிகேச் சுங்கச் சீட்டுகள்

செங்கடற் கரைத் துறைமுகமான பெரனிகேயில் 1994ஆம் ஆண்டு முதல் அமெரிக்க, டச்சு ஆராய்ச்சியாளர் அகழாய்வு நிகழ்த்தினர். பழைய குப்பைமேட்டில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த, பானை ஓடுகளில் மையால் எழுதப்பட்ட கிரேக்கச் சீட்டுகள் பல கிடைத்தன. இவை 2000, 2005ஆம் ஆண்டுகளில் நூல் வடிவில் வெளிவந்தன. சுங்கவாயிலைக் காப்போரை விளித்து, இன்னார்க்குரிய இத்துணைச் சாடிகளை விடுக எனக் கட்டளையிடும் அமைப்பினை அவை உடையன. பொருள்களுள் மிகுதியாகக் குறிக்கப்படுவது மதுவே. பெரிப்ளூஸ் கூறும் இத்தாலிய மதுவும் இலாவோதிக்கேய மதுவும் அச்சீட்டுகளிலும் இடம்பெறுகின்றன. இலாவோதிக்கேயா சிரியக் கடற்கரை நகரம். அலெக்சாந்திரியாவுக்கு வேண்டும் மதுவிற் பெரும்பகுதியை அந்நகரமே தந்தது என்பது ஸ்ட்ராபோவின் கூற்று.

ஒவ்வொரு சீட்டிலும் குறித்த சாடிகளின் தொகை பெரும்பாலும் சிறிது. எனவே இம்மது இந்தியாவில் விற்கச் சென்ற சரக்கா, கலத்தோர் தம் செலவிற்குக் கொண்ட உணவா என அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. சிறு சிறு தொகையாகத் தனித்தனி ஆட்களின் பெயரால் மது உள்ளே சென்றது என்னும் செய்தி, கலத்தில் ஏறுவோர் தத்தம் மதுவைத் தாமே கொணர்ந்தனர் எனக் கொள்ளுதற்கு இடந்தருகின்றது. பல சீட்டுகள் சேர்ந்து ஒரு பெருஞ் சரக்காதலும் கூடும். ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கூற இயலாது. எனினும், விற்பனை என்னும் ஒரே விளக்கம் போதாது என்பதனை இச்சீட்டுகள் உறுதிப்படுத்துகின்றன.

அத்துறைமுகத்தில் தமிழரும் இருந்தனர். 1995ஆம் ஆண்டு அகழாய்வில் உரோமானியச் சாடியின் ஓடொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பெயர் கிடைத்தது. திரு. ஐராவதம் மகாதேவன் அவர்கள் அதனைக் கொறபூமான் எனப் படித்தார்கள். யவனர் சாடியொன்று தமிழன் ஒருவனின் உடைமையாய் இருந்தமைக்கு அது சான்றாகலாம்.

4. கடற்செலவும் மதுவின் தேவையும்

கடற்செலவின் கால அளவைப் பிளினி கூறுகின்றார். கோடையின் நடுவில் பெரனிகேயை விட்ட கலம் ஏறத்தாழ 30 நாளில் அரபு நாட்டு ஒகேலிசை அடையும். அங்கிருந்து பருவக்காற்றின் துணையால் 40 நாளில் முசிறியை அடையும். திரும்புங் காலம் திசம்பர் அல்லது சனவரித் தொடக்கம். ஆகவே, செல்லும் வழியில் 70 நாளும், துறையில் காத்திருக்கும் சில திங்களும், மீளும் வழியும் எனக் கலத்தோர் பல திங்கள் தம் நாட்டிற்குப் புறத்தே இருந்தனர். கடற்கொள்ளைக்கு அஞ்சி வில்வீரரையும் உடன் கொண்டு சென்றனர் எனவும் பிளினி கூறுவர். எனவே கலத்தில் இருந்தோர் தொகை சிறிதன்று.

தேவையின் அளவை உணர்தற்கு ஒரு கணக்கினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு கலத்தில் 50 பேர் இருந்தனர் எனவும், ஒருவர் நாளொன்றுக்கு அரை லிட்டர் மதுவை நீர் கலந்து பருகினர் எனவும் வைத்துக்கொண்டால், 70 நாளுக்கு 1,750 லிட்டர் ஆகும். உரோமானியச் சாடியொன்று ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும் என்ப. எனவே செல்லும் வழிக்கு மட்டுமே 67 சாடிகள் வேண்டும். தங்குங் காலத்திற்கும் மீளும் வழிக்கும் வேண்டுவன இதனின் வேறு. இஃது எடுத்துக்காட்டுக் கணக்கே, வரலாற்று உண்மையன்று. ஆயினும், ஒரு சாடியும் விற்காத கலம்கூட முசிறிக் கரையில் எத்துணை வெறுஞ்சாடிகளை விட்டுச் செல்லக்கூடும் என்பதனை இது காட்டும்.

5. அகழாய்வுச் சான்று

அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் அவர்களும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அவர்களும் நிகழ்த்திய அகழாய்வுகளில் ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடியின் ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில் அம்மையார், பெரும்பங்கு கோஸ் தீவின் வகையைச் சார்ந்த மதுச்சாடிகள் எனவும், எண்ணெய்ச் சாடியும் மீன்காடிச் சாடியும் உடன் உள்ளன எனவும் காட்டினார். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதனைச் செய்யும் முறையைக் கேட்டோ தம் வேளாண்மை நூலில் விளக்கியுள்ளார். உப்பு நீர் கலந்த மது நெடுஞ்செலவில் எளிதிற் கெடாது. கடல் வழிக்கு ஏற்றது.

எண்ணெயும் மீன்காடியும் உடன் கிடைத்தமை கருதத் தக்கது. மீன்காடியும் ஒலிவ எண்ணெயும் தமிழர் விரும்பி வாங்கியமைக்கு நம் இலக்கியத்திற் சான்றில்லை. அவை துறையில் தங்கிய யவனரின் அடுக்களைக்கு உரியன எனக் கொள்ளுதலே பொருத்தம். சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்து யவனர் இருக்கைகளைக் கூறுதலின், துறைமுகங்களில் அவர் தங்கி வாழ்ந்தமை தெளிவு. எண்ணெயும் காடியும் அவர்க்கென வந்தனவாயின், உடன் வந்த மதுவிலும் ஒரு பங்கு அவர்க்கே உரியதாதல் இயல்பு.

இதற்கு மாறான சான்றும் உண்டு. கடற்கரைக்கு அப்பாற்பட்ட கரூரிலும் சாடி ஓடுகள் கிடைத்துள்ளன. யவனர் மது உள்நாட்டுத் தலைநகரையும் எட்டியது என இதனாற் கொள்ளலாம். ஆயின் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். மது தீர்ந்த சாடி வீணாவதில்லை. எகிப்தின் பாலைவழியில் அது நீர்ச்சாடியாக மீண்டும் பயன்பட்டது. ஆதலின் சாடி சென்ற இடமெல்லாம் மது சென்றது எனல் பொருந்தாது. மேலும், இந்தியாவில் உரோமானியச் சாடி எனக் கொள்ளப்பட்ட ஓடுகளிற் சில, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசபொத்தேமியச் சாடிகளின் ஓடுகள் என ரொபெர்ட்டா டோம்பர் அம்மையார் 2007ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பழைய அறிக்கைகளின் தொகைகளை இனி மறுபடி நோக்குதல் வேண்டும். 2007ஆம் ஆண்டு தொடங்கிய பட்டணம் அகழாய்வில் ஆயிரக்கணக்கான சாடி ஓடுகள் வெளிவந்துள்ளமையின் இத்தேவை மிகுதியாகின்றது.

6. முடிபு

மேற்கூறியவற்றால் யவனர் கலத்து மது ஒருவகைப்பட்டதன்று என்பது பெறப்படும். ஒரு பங்கு கலத்தோரும் துறையில் தங்கியோரும் பருகுதற்கு உரியது. ஒரு பங்கு விற்பனைக்குரியது. ஒரு பங்கு அரசர்க்கும் நட்பினர்க்கும் அளித்தற்கு உரியது. முசிறிக்கு வந்த விற்பனைப் பங்கு மிகுதியன்று எனப் பெரிப்ளூஸ் கூறுதலின், கிடைக்கும் ஓடு ஒவ்வொன்றனையும் விற்பனைக்குச் சான்றாக எண்ணுதல் முறையன்று.

இனிப் புறநானூற்றுப் பாடலுக்கு மீள்வோம். அகநானூற்று வழக்கை நோக்கின், நன்கலம் என்பதற்கு மரக்கலம் எனப் பொருள் கொள்ளுதல் இயலும். ஆயினும், நன்மாறன் பருகிய மது மூன்றாம் பங்கினைச் சார்ந்தது எனின், பழைய உரைகாரர் கொண்ட பொருள் புதிய வலிமை பெறுகின்றது. கலத்தோர் தமக்கெனக் கொணர்ந்த மது பருமட்டான மண்சாடியில் வந்தது. வேந்தனுக்கு அளிக்கும் மது நல்ல ஏனத்தில் வருதலே முறை. பொற்கலத்தில் ஊற்றிப் பருகத் தக்க தேறல், நன்கலத்தில் வந்தது எனப் புலவர் கூறுவது அவ்வேறுபாட்டை உணர்த்தியே போலும். 'தந்த' என்னும் சொல் கொண்டுவருதலையும் கொடுத்தலையும் ஒருங்கே குறித்தலின், காணிக்கை என்னும் கருத்தை அது தடுக்கவில்லை. அதனைத் தனித்து நிறுவவும் இல்லை. ஆதலின் பழைய உரையைத் தள்ளிவிடாது போற்றுதலே தக்கது என்பது எம் கருத்து.

ஓடுகளின் உட்புறத்துப் படிவினைச் சோதித்து, மதுச்சாடி இது, எண்ணெய்ச் சாடி இது, நீர்ச்சாடியாக மாறியது இது எனப் பிரித்தறியும் பணி தமிழகத்து ஓடுகள் அனைத்திற்கும் நிறைவேறுமாயின், கலத்தோர் தமக்கெனக் கொணர்ந்த பங்கும் தமிழர்க்கு வந்த பங்கும் இன்னும் தெளிவாகும். இலக்கியம் கற்போரும் அகழாய்வாளரும் ஒருங்கிருந்து செய்யத் தக்க பணி அது.