கல்வித் திட்டங்களும் கருவூலத்தின் திறவுகோலும்

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் நாட்டில் கல்வி எவ்வாறு திட்டமிடப்பட்டது, அத்திட்டங்களுக்குப் பணம் எவ்வாறு ஒதுக்கப்பட்டது என்னும் வரலாற்றை இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றோம். இவை இரண்டும் ஒரே வரலாறு அல்ல. திட்டங்கள் ஏட்டில் வளர்ந்தன. பணமோ மெல்ல வந்தது, சில வேளை வராமலே நின்றது. இவ்விரண்டுக்கும் இடையே விழுந்த பள்ளத்தில் மறைந்து போனவை நம் முன்னோரின் தலைமுறைகள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்தியரின் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கியது. அத்தொகை கற்றறிந்தோரை ஊக்குவிக்கவே குறிக்கப்பட்டது. எழுத்தறியாத உழவனையும் தோட்டியையும் அது எண்ணிப் பார்க்கவில்லை. 1854இல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை உதவி மானிய முறையைக் கொண்டு வந்தது. பள்ளி நடத்துவோர் செலவில் ஒரு பகுதியைத் தாமே திரட்டினால் அரசு மறு பகுதியைத் தரும் என்பது அதன் சாரம். இதன் விளைவு என்ன? திரட்ட வல்லவர்க்கே மானியம் கிடைத்தது. கூலி நெல்லை நம்பி வாழ்ந்த சேரி எதைத் திரட்டும்? கிறித்தவ மிஷன்கள் முன் வந்த இடங்களில் மட்டுமே நம் குழந்தைகள் பலகையும் பலப்பமும் கண்டனர்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கை சென்னை அரசை அசைத்தது. அதன் பின் 1893இல் பிறந்த அரசாணை, பஞ்சமர் பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகளையும், ஆசிரியர் பயிற்சி பெறும் நம் மாணவர்க்கு உதவித் தொகையையும் வகுத்தது. நமக்கென்று தனியே பணம் குறிக்கப்பட்டால்தான் அது நம்மை வந்தடையும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. பின்னர் 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளை நம் பெரியோர் 'லேபர் ஸ்கூல்' என்றே அழைத்து வந்தனர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே உள்ளது.

1911இல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். 1912இல் அது 13க்கு எதிராக 38 வாக்குகளால் வீழ்த்தப்பட்டது. பணம் இல்லை என்பது எதிர்த்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று. இக்காரணத்திற்கு அண்ணல் அம்பேத்கர் 1927இல் பம்பாய்ச் சட்டமன்ற வரவு செலவு விவாதத்தில் மறுமொழி தந்தார். கள், சாராய வரியாக மக்களிடம் தலைக்கு எவ்வளவு வாங்குகிறீர்களோ, அந்த அளவையேனும் கல்விக்குத் திருப்பித் தாருங்கள் என்று புள்ளி விவரத்தோடு வாதிட்டார். 1942இல் வைசிராய்க்கு அவர் அளித்த கோரிக்கை மனுவில், அலிகார், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் மானியத்தை எடுத்துக்காட்டிப் பட்டியல் வகுப்பாரின் உயர்கல்விக்கும் நிதி கேட்டார். ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் கிடைத்தது. 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித் தொகை இவ்வாறு பிறந்ததே. நம்மில் பலர் பட்டதாரிகளானது அந்தத் தொகையால் என்பதை மறக்கலாகாது.

அதே 1944இல் சார்ஜண்ட் அறிக்கை, 6 முதல் 14 வயது வரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 40 ஆண்டுகள் ஆகும் என்றது. விடுதலை பெற்ற நாடு அவ்வளவு காலம் பொறுக்க விரும்பவில்லை. பி. ஜி. கேர் தலைமையிலான குழு காலத்தை 16 ஆண்டுகளாகக் குறைத்தது. மத்திய வருவாயில் 10 விழுக்காட்டையும் மாகாண வருவாயில் 20 விழுக்காட்டையும் கல்விக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. அரசியலமைப்பின் 45ஆம் பிரிவோ பத்தே ஆண்டுகள் குறித்தது. 1960 வந்தது, இலக்கு வரவில்லை. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 24 பேர். பட்டியல் வகுப்பாருள் பத்துப் பேர்.

இதற்குக் காரணம் ஐந்தாண்டுத் திட்டங்களிலேயே உள்ளது. முதல் திட்டத்தின் கல்விச் செலவில் தொடக்கக் கல்வியின் பங்கு 56 விழுக்காடு. இரண்டாம் திட்டத்தில் 35. நான்காம் திட்டத்தில் 30. மேற்படிகளுக்குப் பணம் ஏறியது. முதற்படி காத்துக் கிடந்தது. முதற்படியிலேயே நின்றவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழகத்தில் 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவைத் தொடங்கிப் பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது, இந்த இருளில் ஓர் ஒளிக்கீற்று.

டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) நாட்டின் கல்வி முழுவதையும் ஒருசேர ஆய்ந்தது. தேசிய வருமானத்தில் 1965-66இல் 2.9 விழுக்காடாக இருந்த கல்விச் செலவு 1985-86இல் 6 விழுக்காடாக உயர வேண்டும் என்றது. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளி முறையையும் வலியுறுத்தியது. 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளின் தேசியக் கொள்கைகள் மூன்றும் அந்த 6 விழுக்காட்டை ஓதின. மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து செய்யும் செலவு ஒருமுறையும் அதை எட்டியதில்லை.

1976இல் 42ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன் பின் மத்திய அரசின் பெருந்திட்டங்கள் பங்கு விகிதத்தில் அமைந்தன. 2001 முதல் நடைபெற்ற அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் மத்தியப் பங்கு முதலில் 85 விழுக்காடு. பிறகு 75, 65 எனத் தேய்ந்து 60க்கு வந்தது. 2002இல் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009இல் சட்டம் பிறந்து 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமை உயர்ந்தது, அதை நிறைவேற்றும் சுமையோ மாநிலங்களின் தோளில் ஏறியது.

இச்சுமையின் இயல்பை நம் உதவித் தொகையே நன்கு விளக்கும். ஒரு திட்டக் காலத்தின் இறுதியாண்டில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவு செய்ததோ, அது அம்மாநிலத்தின் நிலையான பொறுப்பாகிவிடும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே மத்திய அரசு தரும் என்பது நெடுங்கால விதி. எனவே, எந்த மாநிலம் நம் பிள்ளைகளை மிகுதியாகக் கல்லூரிக்கு அனுப்பியதோ, அதன் சுமையே மிகுந்தது. நற்செயலுக்குத் தண்டனை போன்ற இவ்விதியால் தொகை தாமதமாயிற்று. கட்டணம் கட்ட இயலாமல் பிள்ளைகள் கல்லூரி அலுவலக வாயிலில் நின்றனர். 2020 டிசம்பரில்தான் இது 60க்கு 40 என்னும் பங்காக மாற்றப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி என அன்று அறிவிக்கப்பட்டது. பல மாநிலங்களும் அமைப்புகளும் இடைவிடாது வற்புறுத்திய பின்னரே இம்மாற்றம் வந்தது.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். 1979-80 முதல் சிறப்புக் கூறுத் திட்டத்தின்படி, நம் மக்கள் தொகைக்கு ஈடான பங்கு திட்ட நிதியில் தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பது கோட்பாடு. 2015இல் திட்டக் குழுவின் இடத்தில் நிதி ஆயோக் வந்தது. 2017இல் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்னும் பிரிவும் ஒழிந்தது. ஆயினும் வரவு செலவு ஏடுகளில் 789 என்னும் எண்ணுள்ள சிறு தலைப்பு நமக்குரிய தொகையைக் காட்டுகிறது. 2024இல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. பணம் நம் விடுதிக்கும் பள்ளிக்கும் வந்ததா, எல்லார்க்கும் பொதுவான சாலைக்கும் கட்டடத்திற்கும் கணக்கெழுதப்பட்டதா என்பதை அந்த எண்ணைப் பின்தொடர்ந்து சென்றால் கண்டுகொள்ளலாம்.

இளைஞர்களே! 1961இல் பத்தாக இருந்த நம் எழுத்தறிவு, ஏழு வயதுக்கு மேற்பட்டோரைக் கணக்கிட்ட 2011இல் 66 விழுக்காடு. இரு கணக்குகளின் அளவுகோல் வேறாயினும் வளர்ச்சி பெரிது. அப்போதும் நாட்டின் சராசரி 73; இடைவெளி மறையவில்லை. அதை மூடும் வழி முன்னோர் காட்டியதே: கணக்கைக் கற்று, கணக்கோடு கேட்பது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு உரிய இடமும் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவது அக்குழுவே. டெல்லியில் தீட்டப்படும் திட்டத்தின் கடைசி வரி நம் ஊர்ப் பள்ளியில் எழுதப்படுகிறது. அவ்வரியை எழுதும் கை நம்முடையதாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அக்குழுவில் நம் தாய்மாரை அமர்த்துவதும், ஆண்டுதோறும் வரவு செலவு ஏட்டைச் சங்கக் கட்டடத்தில் கூடிப் படிப்பதும் வெள்ளி விழா ஆண்டில் நாம் மேற்கொள்ளும் பணிகளாகுக.