ரக்பி பன்னாட்டு ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு

ஓர் அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பியில், நாடுகள் மோதும் பெரிய ஆட்டங்களைக் காண உரிமை தரும் சீட்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகியவை ஆண்டுதோறும் ஆடும் ஆறு நாடுகள் போட்டிக்கும், நான்காண்டுக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பைக்கும் இச்சீட்டு எளிதில் கிட்டுவதில்லை. கையில் பணம் இருந்தும் சீட்டுக் கிடைக்காத நிலைக்கு இடப் பற்றாக்குறை ஒன்றையே காரணமாகச் சொல்வது பிழை. இச்சீட்டு கடைச்சரக்காகப் பிறக்கவில்லை. ஆட்டத்தை ஊர்தோறும் நடத்தும் கழகங்களுக்குரிய பங்காக வளர்ந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுவதோடு, அப்பங்கீடு நியாயமானது என்பதையும் நிறுவுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1871 ஜனவரியில் 21 கழகங்கள் லண்டனில் கூடி ரக்பி கால்பந்துச் சங்கத்தை அமைத்தன. அதாவது, சங்கம் கழகங்களை உண்டாக்கவில்லை. கழகங்களே சங்கத்தை உண்டாக்கின. அதே ஆண்டு மார்ச் 27இல் எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் முதல் பன்னாட்டு ஆட்டம் ஆடின. அணிக்கு 20 பேர் ஆடிய அந்த ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 4,000 பேர் திரண்டனர், ஸ்காட்லாந்து வென்றது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்துச் சங்கத்துக்குச் சொந்தத் திடல் இல்லை. 1905இல் நியூசிலாந்து அணி கிரிஸ்டல் பேலசில் ஆடியபோது கூடிய பெருங்கூட்டம், வாடகைத் திடலில் ஆடுவதால் ஏற்படும் இழப்பைச் சங்கத்துக்கு உணர்த்தியது. 1907இல் டிவிக்கனமில் பத்தேகால் ஏக்கர் காய்கறித் தோட்டத்தை 5,572 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்சுக்குச் சங்கம் வாங்கியது. ‘முட்டைக்கோசுப் பாத்தி’ என்ற செல்லப்பெயர் அத்திடலுக்கு இன்றும் வழங்குகிறது. 1910 ஜனவரி 15இல் வேல்ஸுக்கு எதிராக அங்கு முதல் பன்னாட்டு ஆட்டம் நடந்தது. ஸ்காட்லாந்துச் சங்கமோ தன் ஆதரவாளர்களுக்குக் கடன்பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தில் எடின்பரோவின் மரேபீல்டு அரங்கை எழுப்பி, 1925 மார்ச் 21இல் திறந்தது.

திடல்கள் இவ்வாறு ஆட்டத்தைச் சார்ந்தவர்களின் பொருளால் எழுந்தன. அவற்றில் ஆடியவர்களோ ஊதியம் பெறவில்லை. வேலை நேரத்தை இழந்து ஆடுவோருக்கு ஈட்டுத்தொகை தரலாமா என்ற பூசலில் 1895இல் வடஇங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து போயின; எஞ்சிய பிரிவு 1995 ஆகஸ்டு வரை ஊதியமில்லா ஆட்டமாகவே தன்னை வைத்துக்கொண்டது. சிறுவர்க்குப் பயிற்சி தந்தவரும், வாரம் தவறாமல் நடுவராக நின்றவரும், கோடு வரைந்து திடல் காத்தவரும் கூலி கேட்கவில்லை. பெரிய ஆட்டத்தின் சீட்டை உரிய விலைக்கு வாங்கும் முன்னுரிமைதான் சங்கம் அவர்களுக்குத் தரக்கூடிய கைம்மாறாக இருந்தது. இடம் தாராளமாக இருந்தவரை இம்முன்னுரிமையின் அருமை வெளியே தெரியவில்லை. 1975 மார்ச் 1இல் மரேபீல்டில் வேல்ஸுடன் நடந்த ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1,04,000 பேர் புகுந்தனர். நெரிசலின் ஆபத்தை உணர்ந்த ஸ்காட்லாந்துச் சங்கம், அதன்பின் முன்கூட்டியே சீட்டு வாங்கியவர்களை மட்டும் அனுமதித்தது.

பங்கீடும் அதற்கு எதிரான வாதங்களும்

டிவிக்கனம் அரங்கில் 82,000 பேர் அமரலாம். ஆறு நாடுகள் போட்டியில் ஓர் அணிக்கு ஓராண்டு இரண்டும் மறு ஆண்டு மூன்றுமாகவே சொந்த ஊர் ஆட்டங்கள் வாய்க்கும். இங்கிலாந்துச் சங்கத்தில் சேர்ந்த கழகங்கள் ஏறத்தாழ 2,000. எல்லா இருக்கைகளையும் கழகங்களுக்கே கொடுத்தாலும் கழகத்துக்கு 41 சீட்டுகள்தான் தேறும். கடன்பத்திரக்காரர், எதிரணி நாட்டார், விளம்பரதாரர் ஆகியோருக்கு ஒதுக்கியபின் அதுவும் குறையும். எனவே சீட்டு நாடுவோருக்கு முதல் வழி உள்ளூர்க் கழக உறுப்பினராவதே. பொது விற்பனையும் குலுக்கலும் அதற்கு அடுத்த வழிகள்.

விலையைச் சந்தைக்கு விட்டுவிட்டால் யாருக்கு ஆவல் அதிகமோ அவருக்குச் சீட்டுச் சேரும் என்பர் சிலர். ஆவலையும் பணத்தையும் ஒன்றாக எண்ணும் வாதம் இது. 20 முதல் 55 பவுண்டு விலையிட்ட டிவிக்கனம் சீட்டுகள் வியாகோகோ என்ற இணையதளத்தில் 1,300 பவுண்டு வரை விலை கூறப்பட்டதாக வழக்கொன்றில் வெளிவந்தது. அந்தக் கூடுதல் தொகையில் ஆட்டத்தை வளர்ப்பவருக்கு எதுவும் போகாது. அவ்வழக்கில், விற்றவர்களின் பெயர், முகவரியை அத்தளம் சங்கத்துக்குத் தர வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 21இல் தீர்ப்பளித்தது. அவர்களின் தனியுரிமையைக் காட்டி எழுந்த மறுப்பை அது ஏற்கவில்லை. கழகத்தாரே சீட்டைக் கள்ளச்சந்தையில் விடுகிறார்களே என்ற குறைக்கும் இத்தீர்ப்பில் விடை உண்டு: கசிந்த சீட்டு யார் கைப்பட்டது என்று தெரிந்தால் அவருடைய ஒதுக்கீட்டை நிறுத்தலாம், அதற்காக முறையையே கைவிட வேண்டியதில்லை.

கழகம் எதையும் சாராத ரசிகர் வெளியே நிற்கிறார் என்பது இவற்றிலும் கனமான மறுப்பு. அவர் குறை உண்மையானது. ஆயினும் உள்ளூர்க் கழகத்தில் எவரும் சேரலாம். ஆயிரம் பவுண்டு விலைக்கு எல்லோராலும் ஈடுகொடுக்க முடியாது. எஞ்சியோருக்குக் குலுக்கல் துணைசெய்யும். 2015 உலகக் கோப்பைக்குக் குலுக்கலையும் பொது விற்பனையையும் சேர்த்து 24 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. சட்டமும் துணைநிற்க வேண்டும். இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கால்பந்துச் சீட்டை அனுமதியின்றி விற்பதைக் குற்றமாக்கியது. ரக்பிக்கு அக்காப்பு அளிக்கவில்லை. பிரான்ஸ் 2012இலும் அயர்லாந்து 2021இலும் மறுவிற்பனைக்குக் கடிவாளமிட்டன.

இன்றைய நிலை

சீட்டுகள் இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் வழங்கப்படுகின்றன. டிவிக்கனம் அரங்கம் 2024 முதல் அலையன்ஸ் அரங்கம் என வழங்குகிறது. 2025 செப்டம்பர் 27இல் அங்கு நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை 81,885 பேர் கண்டனர்.