குழந்தையின் முதல் கத்தி... கைப்பிடியில் என்னவெல்லாம் பார்க்கணும்?

ஆறு வயசுக் குழந்தை கையில கத்தியா? நம்ம ஊர்ல கேட்டா, பாட்டியில ஆரம்பிச்சு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரை எல்லோரும் அலறிடுவாங்க. ஆனால் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் இது ரொம்ப சாதாரணம். நார்வேயில் மழலையர் பள்ளிக் குழந்தைகள்கூட காட்டுக்குப் போகும்போது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி சீவுவார்கள். சீவின குச்சியில் ரொட்டி மாவைச் சுற்றி, நெருப்பில் சுட்டுச் சாப்பிடுவார்கள். ஆஸ்லோவில் நிறைய ஈழத்தமிழர்கள் குடும்பமாக வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் இது புதுசு இல்லை. கடையில் பத்து விதமான கத்தியைப் பார்த்து, 'எதை வாங்குறது?' என்று முழிப்பது பெரும்பாலும் அப்பா, அம்மாதான்.

எல்லோரும் முதலில் பார்ப்பது கூர்மையைத்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியை. ஏன்னு பார்ப்போம்.

மடக்குக் கத்தி ஏன் வேண்டாம்?

மடக்குக் கத்தி சின்னதா, அழகா இருக்கும். ஆனால் பூட்டு இல்லாத மடக்குக் கத்தி, அழுத்தும்போது சட்டென்று மடங்கி விரல்மேல் விழலாம். பூட்டு இருந்தாலும், அதைத் திறந்து மூடுவதே சின்ன விரல்களுக்குப் பெரிய வேலை. கைப்பிடியோடு அசையாமல் நிற்கும் கத்தியில் அந்தப் பிரச்னை இல்லை. உறையிலிருந்து எடுத்தால் வேலை, உறைக்குள் போட்டால் ஓய்வு. குழந்தைக்கும் இந்தக் கணக்கு எளிதாகப் புரியும்.

கை எப்படி வெட்டுப்படுகிறது?

இரண்டு விதமாக. ஒன்று, கத்தி பிடிக்காத கை. குச்சியைப் பிடித்திருக்கும் விரல்கள் கத்தியின் பாதையில் இருந்தால் வெட்டு நிச்சயம். அதைப் பழக்கத்தால்தான் தடுக்க முடியும். இரண்டாவது, கத்தி பிடித்த கை. முனையை மரத்தில் குத்தும்போது கத்தி சட்டென நின்றுவிடும். ஆனால் கை நிற்காது, வழுக்கி முன்னால் போய் கூர்மையான பகுதிமேல் விழும். இதைத் தடுப்பது முழுக்க முழுக்கக் கைப்பிடியின் வேலை.

கைப்பிடியில் நாலு ஸ்டைல்

1. விரல் தடுப்பு உள்ளது: கைப்பிடி முடிந்து இரும்பு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். கை முன்னால் வழுக்கினால் அந்த மேடு நிறுத்திவிடும். ஸ்வீடனின் மோரா ஊர் கத்திகளுக்குப் பேர்போனது. அங்கே 1891-ல் ஆரம்பித்த கத்தித் தொழிலின் வாரிசுதான் இன்றைய மோராக்னிவ் நிறுவனம். குழந்தைகளுக்காக அவர்கள் செய்யும் 'ரூக்கி', 'ஸ்கௌட் 39 சேஃப்' இரண்டிலும் இந்தத் தடுப்பு உண்டு, முனையும் மழுக்கப்பட்டிருக்கும்.

2. பீப்பாய் வடிவம்: நடுவில் கொஞ்சம் பருத்து, இரண்டு பக்கமும் மெலிந்திருக்கும். தடுப்பு கிடையாது. மரவேலைக்காரர்களின் ஃபேவரைட் இது. கத்தியை முன்னால் தள்ளலாம், நெஞ்சுப் பக்கம் இழுக்கலாம், கட்டை விரலால் முதுகை அழுத்தலாம். எப்படிப் பிடித்தாலும் கைக்கு உறுத்தாது. இதன் பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கதையும் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-லேயே கைவேலை பள்ளிப் பாடமானது. ஸ்வீடனில் ஒட்டோ சாலமன் அதற்கென ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 'ஸ்லாய்ட்' எனப்படும் அந்தக் கைவேலைப் பாடத்தின் பெயரைத்தான் இந்த வகைக் கத்தி இன்றும் சுமக்கிறது.

3. புக்கோ: பின்லாந்தின் பாரம்பரியக் கத்தி. பெரும்பாலும் தடுப்பு இருக்காது. கைப்பிடியின் அடிப்பாகம் கொஞ்சம் அகன்றிருப்பதால், உறையிலிருந்து இழுக்கும்போது கையிலிருந்து நழுவாது. ஒருவருக்குப் புக்கோவைப் பரிசாகக் கொடுப்பது அங்கே மரியாதைக்குரிய விஷயம். பார்க்க அள்ளும். ஆனால் பழகின கைக்கானது.

4. வளையம் வைத்தது: இது காட்டுக்கு இல்லை, கிச்சனுக்கு. பிரான்ஸின் ஒப்பினெல் நிறுவனம் 'லெ பெத்தி ஷெஃப்' என்று குழந்தைகளுக்கான சமையல் கத்தி செய்கிறது. அதில் ஆள்காட்டி விரலை நுழைக்க ஒரு வளையம் உண்டு. விரல் அதற்குள் போய்விட்டால், கை தானாகவே சரியான இடத்தில் நிற்கும். கேரட், வெள்ளரிக்காய் நறுக்க ஓகே. குச்சி சீவ இது சரிப்படாது, ஏன்னா பிடியை மாற்றவே முடியாது.

தடுப்பு வேணுமா, வேண்டாமா?

மரவேலை கற்றுக்கொடுப்பவர்களிடம் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். 'தடுப்பு இருந்தால் குழந்தை அதையே நம்பிக் கவனத்தை விட்டுடும், நுணுக்கமான பிடிகளுக்கும் அது இடைஞ்சல்' என்பது ஒரு கட்சி. 'முதலில் விரல் பத்திரமா இருக்கட்டும், நுணுக்கம் அப்புறம் வரட்டும்' என்பது இன்னொரு கட்சி.

இரண்டிலும் நியாயம் இருக்கு. ஆனால் முதல் கத்தி என்றால், இரண்டாவது கட்சிதான் சரி. ஆறு, ஏழு வயசுக் குழந்தை ஆரம்பத்தில் செய்யப் போவது குச்சியின் பட்டையை உரிப்பதும், முனையைச் சீவுவதும்தான். அதற்குத் தடுப்பு இடைஞ்சலே இல்லை. ஸ்பூன் செதுக்கணும், பொம்மை செய்யணும் என்று குழந்தையே கேட்கும் நாளில் பீப்பாய் கைப்பிடிக்கு மாறலாம்.

மரமா, ரப்பரா?

* பிர்ச் மரம்: கைக்கு இதமாக இருக்கும், குளிரில் இரும்புபோலச் சில்லிடாது. அப்பப்போ ஆளி விதை எண்ணெய் தடவணும். பளபளவென்று வார்னிஷ் அடித்தது ஈரக் கையில் வழுக்கும்.
* ரப்பர் பூச்சு: மழை, வியர்வை எதிலும் நழுவாது, கழுவுவதும் ஈஸி. ஆனால் ரொம்ப நேரம் சீவினால் உள்ளங்கை உராய்ந்து கொப்புளம் வரலாம்.
* வெறும் பிளாஸ்டிக்: விலை குறைவு. சொரசொரப்பு இல்லாததை வாங்கவே வாங்காதீங்க.

இன்னொரு விஷயம், நிறம். சிவப்பு, ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற கைப்பிடி புல்லில் விழுந்தாலும் உடனே கண்ணில் படும். புல்லுக்குள் தொலைந்த கத்தியைத் தேடிக் கண்டுபிடிப்பது யாருடைய வெறுங்காலாகவும் இருக்கலாம்.

சைஸ் பார்ப்பது எப்படி?

'வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே வாங்குவோம்' என்ற யூனிஃபார்ம் லாஜிக் இங்கே வேலைக்கு ஆகாது. குழந்தையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. கத்தி உறைக்குள்ளேயே இருக்கட்டும். இந்த நாலையும் பாருங்க.

1. கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தால் கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொடணும். எட்டவில்லை என்றால் கைப்பிடி தடிமன் அதிகம்.
2. நாலு விரலும் அடங்கி, பின்னால் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தால் போதும்.
3. கண்ணை மூடிப் பிடிக்கச் சொல்லுங்க. கூர்மை எந்தப் பக்கம் என்று கையே சொல்லணும். முட்டை வடிவக் கைப்பிடியில் அது தெரியும். முழு உருண்டையில் தெரியாது, கத்தி கைக்குள் சுற்றவும் செய்யும்.
4. கையை லேசாக நனைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்க மெதுவாக இழுத்துப் பாருங்க. நழுவினால் அடுத்த கத்தியைப் பாருங்க.

வாங்கிய பிறகு...

கைப்பிடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கையில். உட்கார்ந்துதான் சீவணும். கைநீட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் சீவணும், தொடைக்கு மேலே வைத்துச் சீவவே கூடாது. எழுந்தால் கத்தி உறைக்குள் போகணும். குச்சி பிடிக்கும் கைக்கு, வெட்டுப்படாத கையுறை மாட்டிவிடலாம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கணும், முக்கியமாக, போனைப் பார்க்காமல்!

'பயமா இருக்கு, கொஞ்சம் மொக்கையாவே இருக்கட்டும்' என்று கத்தியை மழுக்கிவிடாதீங்க. மொக்கைக் கத்திக்கு அதிக பலம் கொடுத்து அழுத்தணும், அழுத்தும்போதுதான் கை வழுக்கும். மழுங்கியிருக்க வேண்டியது முனை மட்டும்தான்.

ஸ்வீடன், நார்வே, பின்லாந்தில் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்காதீங்க. காட்டுக்குப் போகும்போது உறைக்குள் வைத்து பெரியவர் பையில் போகட்டும். திரும்பியதும் பூட்டிய அலமாரிக்குப் போகட்டும். பெயர் குழந்தையுடையதாக இருக்கலாம், சாவி உங்களிடம்தான் இருக்கணும்.