காமாக்கதிர் வெடிப்பும் உறங்காத கண்களும்

2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி முற்பகல் 11.42 மணி. மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் ஞாயிறு உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே கணத்தில், இரவாயிருந்த சிலி நாட்டின் வானில், சுவாதி விண்மீன் விளங்கும் பகுதியில் ஓர் ஒளி தோன்றிற்று. 750 கோடி ஆண்டுகள் பயணஞ்செய்து வந்த அவ்வொளி, வெறுங்கண்ணுக்குப் புலனாகுமளவிற்கு அரை நிமிடமளவு பிரகாசித்து மங்கியது. அது காமாக்கதிர் வெடிப்பொன்றின் ஒளியாகும். மனிதன் அதனைத் தவறவிடாமை தற்செயலன்று. நாற்பதாண்டு முயற்சியின் பயனாகும்.

அணுக்குண்டுப் பரிசோதனைகளைக் கண்காணிக்க ஐக்கிய அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள், 1967 யூலை 2ஆம் திகதி இத்தகைய வெடிப்பொன்றை முதன்முதலாகப் பதிவுசெய்தன. அறிவுலகம் அதனை அறிந்ததோ 1973இலேயாம். காமாக்கதிரை மட்டுங் கொண்டு வெடிப்பின் இடத்தைத் துல்லியமாக அறிதல் அரிது. கட்புலனாகும் ஒளி அகப்பட்டால் தூரத்தையும் அளக்கலாம். 1997 பெப்ரவரி 28இல் நிகழ்ந்த வெடிப்பின் இடத்தைப் பெப்போசாக்ஸ் செய்மதி காட்ட, ஏறத்தாழ 21 மணித்தியாலங்களின் பின் கனேரித் தீவுத் தொலைநோக்கியொன்று அதன் ஒளியைக் கண்டது. ஆயின் கண்டது தணலேயன்றிச் சுடரன்று.

ஆள் விழித்துக் கருவியைத் திருப்புவதற்குள் சுடர் அவிந்துவிடும். ஆகவே, செய்மதியின் செய்தியை நேரே பெற்றுத் தாமே திரும்பும் தன்னியக்கத் தொலைநோக்கிகள் எழுந்தன. 1999 ஜனவரி 23இல் லொஸ் அலமோசிலிருந்த ரொட்சி, வெடிப்புத் தொடங்கி 22 செக்கன்களில் அதன் ஒளியைப் படம்பிடித்தது. நான்கு புகைப்படக்கருவி வில்லைகளாலான எளிய கருவி அது. 2008இல் சிலியின் தன்னியக்கக் கருவிகள், அரை மணிக்கு முன் அருகே நிகழ்ந்த வேறொரு வெடிப்பை நோக்கியிருந்தமையால், புதிய வெடிப்பைத் தொடக்கத்திலிருந்தே பதிந்தன.

எனினும், வேகம் மட்டும் போதாது. அன்று புளியந்தீவு பகலில் இருந்தது. அவ்விண்மீன்களும் அதன் அடிவானுக்குக் கீழேயிருந்தன. சிலியில் பகலாயிருக்கையில் தோன்றும் ஒளியை வேறொரு நாட்டின் இரவே காணமுடியும். இருளுள்ள இடமெங்கும் ஒரு கண் விழித்திருத்தல் வேண்டும். அத்தகைய கண்ணொன்று, புளியந்தீவின் நெடுங்கோட்டுக்கு அண்மையில், லடாக்கின் ஹான்லேயில் 2018இல் செயற்படத் தொடங்கியது. ஏறத்தாழ 4500 மீற்றர் உயரத்தில், 70 சென்ரிமீற்றர் ஆடியுடன் விளங்கும் குரோத்-இந்தியா தன்னியக்கத் தொலைநோக்கியே அது. பல வெடிப்புகளின் பின்னொளியை அது பதிவுசெய்துள்ளது. வாவிக்கரையில் இரவாகும்போது ஹான்லேயிலும் இரவாகிறது; நம் பகுதியின் இருளுக்கும் இன்று ஒரு காவல் உண்டு.