ஈப்போவிலிருந்து வந்த கடிதம்

ஆட்டையாம்பட்டி என்றால் சேலத்துக்காரர்களுக்கு முறுக்குதான் நினைவுக்கு வரும். மாவை விரல்களுக்கிடையே திருகித் திருகிச் சுற்றிப் போடும் கைமுறுக்கு. எங்கள் பெரியம்மா அதில் கெட்டிக்காரி. சுற்றிக்கொண்டே ஊர் வம்பும் பேசுவாள். சுற்று மட்டும் தப்பாது. பெரியப்பா மலாயாவுக்குப் பால்மரத் தோட்டத்து வேலைக்குப் போனவர், அங்கேயே காலமானவர். அவர்களுடைய ஒரே மகன், என் அண்ணன் முறை, ஈப்போவில் தங்கிவிட்டான்.

2000ஆம் ஆண்டில் ஒரு நாள் அண்ணனிடமிருந்து எனக்கு மின்னஞ்சலில் ஒரு நீண்ட கடிதம் வந்தது. சேலம் பஸ் நிலையத்துக்கருகே ஒரு கணிப்பொறிக் கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். திரை முழுவதும் தலையில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துக்கள். நடுநடுவே கேள்விக்குறிகள், பவுன் சின்னங்கள். கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தமிழ்தானுங்கண்ணா. ஆனா அவங்க எழுதின ஃபாண்ட் நம்மகிட்ட இல்லீங்க" என்றான். காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தான். இருக்கட்டும் என்று ஒரு ஃபிளாப்பி தட்டிலும் பதிந்து கொடுத்தான்.

அந்தக் காகிதத்தைப் பெரியம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம் மவன் சௌக்கியமா இருக்கானான்னு மட்டும் பார்த்துச் சொல்லு கண்ணு" என்றாள். நான் கொஞ்சமும் தயங்காமல், "சௌக்கியமா இருக்கானாம் பெரியம்மா" என்று சொன்னேன். பிறகு நான் பட்டணத்துக்குத் திரும்பினேன். மறுபடி எழுதச் சொல்லி அண்ணனுக்கு ஒரு வரி போட நினைத்தேன், மறந்து போனேன்.

தமிழில் எழுதிய கடிதம் தமிழனிடம் வந்து சேர்ந்தும் தமிழாக இல்லாமற் போவானேன்? இதைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்து ஏற்பாட்டில் மொத்தம் 256 எண்கள். அவற்றில் முதற்பாதியை இங்கிலீஷ் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த இடங்களில் 'க' எங்கே உட்கார வேண்டும், 'ழ' எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சென்னையில் ஒருவர் ஒருவிதமாகவும், கோலாலம்பூரில் ஒருவர் வேறு விதமாகவும், ஐரோப்பாவில் குடியேறிய ஈழத்து அன்பர் இன்னொரு விதமாகவும் தீர்மானித்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் தமிழ் நன்றாகத்தான் இருந்தது. வாசற்படி தாண்டினால்தான் தகராறு.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் பதினைந்து நாடுகளாகப் பிரிந்தபோது அங்கேயும் இதே கதைதான். ருஷ்ய எழுத்துக்கு அவர்கள் கே.ஓ.ஐ.-8 என்று ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வழியில் ஏதாவது ஓர் இயந்திரம் எட்டாவது துண்டைத் தின்றுவிட்டாலும், அதே ஓசையுள்ள இங்கிலீஷ் எழுத்தாக அது மாறி நிற்கும்; ஒருவாறு படித்துவிடலாம். நமக்கு அப்படி யாரும் யோசிக்கவில்லையே என்று எனக்கு ஏக்கம். ஆனால் 1993இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ருஷ்யக் குறியீட்டில் உக்ரேனிய மொழிக்கே உரிய நாலு எழுத்துக்களுக்கு இடமில்லை. அவர்கள் சில இடங்களை மாற்றித் தங்களுக்கென்று ஒன்று செய்துகொண்டார்கள். 1998இல் அதுவும் பதிவாயிற்று. இன்னொரு வேடிக்கை: 1990 செப்டம்பரில் அந்த ஒன்றியத்துக்கு இணையத்தில் 'எஸ்.யு.' என்று ஒரு முகவரி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே நாடு போய்விட்டது. முகவரி மட்டும் போகவில்லை. ஆண்டுக் கணக்காக ஜனங்கள் அதில் குடியிருந்துகொண்டே இருந்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். தமிழுக்கு நாடுகள் பல. அவற்றையெல்லாம் சேர்த்து உத்தரவு போட ஓர் அரசாங்கம் கிடையாது. ஆகவே யாராவது கூப்பிட வேண்டும், மற்றவர்கள் வர வேண்டும். முதலில் கூப்பிட்டவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவர் நம் ஜாதி, அதாவது கதை எழுதுகிறவர். ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் கல்லூரியில் விரிவுரையாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அங்கே ஏறியது அவருடைய முயற்சியால்தான். 1997இல் அவர் சிங்கப்பூரில் கூட்டிய மாநாட்டில்தான் இந்தச் சண்டைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிறுகதை எழுதும் ஒரு மனிதர் இந்த எண் விவகாரத்தில் தலையைக் கொடுத்தாரே என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1999இலேயே காலமாகிவிட்டார். எழுதாமற் போன கதைகள் எத்தனையோ!

அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு இரண்டாவது மாநாட்டைக் கூட்டியது. 'தமிழ் 99' என்ற விசைப்பலகை அங்கே பிறந்தது. உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய்யெழுத்துக்கள் வலது கைக்கு. 'க'வை இரண்டு தரம் தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே வந்து உட்காரும். எழுத்தாளன் என்ற முறையில் சொல்கிறேன், அதைச் செய்தவர்கள் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். எண்களின் விஷயந்தான் அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. அரசு 'டாம்' என்றும் 'டாப்' என்றும் இரண்டு குறியீடுகளை ஏற்றுக்கொண்டது. முன்னது தமிழுக்கு மட்டும், பின்னது தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தது. கடல் கடந்த தமிழர்களோ, மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் வாதாடி, 'திஸ்கி' என்று ஒன்றைச் சமைத்திருந்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 'மதுரைத் திட்டம்' தொடங்கிய கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் 'முரசு அஞ்சல்' செய்த முத்து நெடுமாறன் போன்றவர்கள் அந்தப் பக்கம். சம்பளமில்லை, பதவியில்லை, பகலில் சொந்த வேலை, இரவில் எழுத்து வேலை. ஆனால் ஒன்றாக்கப் போய் மூன்றாயிற்று. ஈப்போக் கடிதம் வந்த காலம் இதுதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது 'உத்தமம்' என்ற பெயரில் ஓர் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைத்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமை ஏற்றார். பிறகு கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன், டொராண்டோ என்று ஊர் ஊராக மாநாடு நடந்தது.

ஆனால் இவர்கள் கூடிப் பேசுவதற்கு வெகு முன்பே வேறிடத்தில் பந்தி முடிந்துவிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிக்கோடு 1991இல் வெளிவந்தது. இந்திய அரசு 1988இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் செய்த ஒரே அச்சை வைத்துத்தான் அதில் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். நாகரியின் வரிசையில் நம் எழுத்துக்களை நிறுத்தியபடியால், நம் நெடுங்கணக்கில் கடைசியில் வரும் 'ற'வும் 'ன'வும் முன்னே போய் 'ர'வுக்கும் 'ந'வுக்கும் அடுத்து நிற்கின்றன. உயிர்மெய்களுக்குத் தனி இடமில்லை என்ற குறை வேறு. 2010இல் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றுக்கொண்டபோது, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் 'டேஸ் 16' என்பதையும் சேர்த்து ஏற்றது. அழகான ஏற்பாடு. ஆனால் அது நின்றது அவரவர் சொந்த உபயோகத்துக்கென்று விட்ட காலி மனையில். உலகத்துக் கணிப்பொறிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் அபிப்பிராயத்தில், 1988இல் சென்னையும் கொழும்பும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டாவது வீடு தேவைப்பட்டிருக்காது.

முகவரி விஷயத்திலும் பார்க்கலாம். உலக இணைய முகவரிகளைக் கவனிக்கும் 'ஐகேன்' 2007இல் பதினொரு மொழிகளில் வெள்ளோட்டம் விட்டது. ருஷ்யனும் தமிழும் அதில் உண்டு. தமிழ் முகவரிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பரிட்சை'. 'பரீட்சை'யில் நெடிலை விட்டுவிட்டார்கள்! எங்கள் தமிழ் வாத்தியார் இருந்திருந்தால் ஐகேனை பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார். எப்படியோ தேறிவிட்டோம். 2010இல் 'இலங்கை' வந்தது. 2011இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' இரண்டும் வந்தன. 'ஔ' என்று ஓர் எழுத்தாக அடித்தாலும், 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாக அடித்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான், கணிப்பொறிக்கு வெவ்வேறு. ஔவையார் பெயரில் ஒருவர் கடை வைத்தால், அடுத்தவர் அதே பெயரில் பக்கத்திலேயே போலிக் கடை வைக்கலாம். இதைத் தடுக்க எந்த இரட்டைகளை ஒன்றாகக் கருதுவது என்று பட்டியல் போட வேண்டியிருந்தது. மலையாளத்து 'ழ'வும் நம் 'ழ'வும் முகஜாடையில் அண்ணன் தம்பி ஆகையால் அவர்களோடும் கலந்து பேச வேண்டியிருந்தது.

கடிதத்தை முடித்துவிடுகிறேன். 2006இல் வீட்டை ஒழிக்கும்போது அந்த ஃபிளாப்பி தட்டு அகப்பட்டது. பெரியம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜெர்மனியில் வாழும் ஈழத் தமிழர் சுரதா யாழ்வாணன், எந்தப் பழைய குறியீட்டையும் யூனிக்கோடாக மாற்ற 'பொங்குதமிழ்' என்று ஒரு சாதனம் செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்திருந்தார். அதில் கடிதத்தைக் கொட்டினேன். ஆறு வருஷத்துக் கொம்பெழுத்துக்கள் ஒரு நொடியில் தமிழாயின.

தோட்டத்தை விற்றுவிட்டார்களாம். பெரியப்பாவைப் புதைத்த இடத்தில் வீடுகள் வரப் போகின்றனவாம். ஒரு மாதம் தவணை. 'அம்மாவிடம் கேட்டுச் சொல், தம்பி. அப்பாவை எடுத்து ஊருக்குக் கொண்டு வரட்டுமா? போனில் அம்மாவிடம் இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை' என்று எழுதியிருந்தான்.

அன்றிரவே அண்ணனுக்கு எழுதினேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் இரண்டே வரியில் பதில் வந்தது: 'உன்கிட்டேயிருந்து பதில் இல்லை. அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன், தம்பி.' திரையில் ஓர் எழுத்துக்கூடக் கலையாமல், பளிச்சென்று தெரிந்தது.